காவல் மந்தியும் மூன்று மூச்சுக் கூத்தும்

கார்த்திகை மாதம் நான்காம் நாள், சூரியன் ஒரு பனை உயரம் ஏறியிருந்த வேளை. ஓடைக்கரைப் புல்வெளியில் நாற்பத்து மூன்று புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கரையோரத்து மருதமரத்தின் உச்சிக் கிளையில் காவலுக்கு உட்கார்ந்திருந்த மந்தியின் பெயர் வாலாயி.

மந்திகளுக்கும் மான்களுக்கும் அந்தக் காட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. மந்திக்குக் கண் கூர்மை. மானுக்கு மூக்கு கூர்மை. மரத்தின் மேலிருந்து மந்தி பார்த்துச் சொல்லும். மந்திகள் உவர்மண் தின்னத் தரைக்கு இறங்கும்போது மான்கள் சுற்றி நின்று மோந்து சொல்லும். மந்திகள் தின்கிற இலையில் பாதி கீழே சிந்தும், அது மான்களுக்கு. இதை யார் எப்போது பேசி முடிவு செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் மீறியதும் இல்லை.

காவலுக்கு எல்லா மந்தியும் லாயக்குப்படாது. சிறுத்தை ஓடிவரும் பிராணி அல்ல. வந்து படுத்துக்கொள்ளும் பிராணி. அசையாமல் கிடப்பதை அசைவை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? ஆகவே காவல் மந்தி விடிந்ததும் புல்வெளியை ஒருமுறை முழுக்கப் பார்க்கும். புற்று எங்கே, புதர் எங்கே, முறிந்து விழுந்த கிளை எங்கே என்று எல்லாவற்றையும் மனதில் வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு பொழுது சாயும்வரை, எதிரே இருக்கும் புல்லை மனதில் இருக்கும் புல்லோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். காலையில் இல்லாத மேடு மதியம் இருந்தால், அது மேடு அல்ல. இந்த வேலைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர், புல் பிடிப்பது.

வாலாயி புல் பிடிப்பதில் கெட்டிக்காரி. அவள் காவலுக்கு வந்த பிறகு அந்தக் கரையில் ஒரு மான்கூடச் சிறுத்தைக்குப் போனதில்லை. அவள் "கக்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், மான்கள் ஓடிவிடும். திரும்பிப் பார்க்கமாட்டா. பார்த்துவிட்டு ஓடலாம் என்று நினைத்த மான்களின் எலும்புகள் ஓடைமணலில் பழசாகிக் கிடந்தன.

மான் கூட்டத்தை நடத்தியவள் மூளி. சின்ன வயதில் ஒரு காதைச் சிறுத்தையிடம் விட்டுவிட்டுத் தப்பியவள். அந்த வருடம் அவளுக்கு ஒரு குட்டி பிறந்திருந்தது. பெயர் பொட்டு.

"வாலாயி, புல்லு பிடிச்சாச்சா?" என்று கீழேயிருந்து கேட்டாள் மூளி.

"ஆச்சுக்கா. நீங்க தின்னுங்க."

"இவனைக் கொஞ்சம் கூடுதலாப் பாத்துக்க. நான் ஒரு பக்கம் இழுத்தா இவன் ஒரு பக்கம் போறான். பட்டாம்பூச்சியைக் கண்டா அம்மா யாருன்னே தெரியமாட்டேங்குது."

"எனக்குக் கண்ணு ரெண்டு இருக்குல்ல? ஒண்ணை உன் மகனுக்கே எழுதி வச்சுட்டேன்."

"அப்ப மிச்ச நாப்பத்திரண்டு பேருக்கும் ஒரு கண்ணுதானா? நல்லா இருக்குடி உன் நியாயம்."

வாலாயி சிரித்துக்கொண்டே புல்லுக்குத் திரும்பினாள். அப்போதுதான் துடுப்பன் வந்து உட்கார்ந்தான்.

துடுப்பன் ஒரு கரிச்சான் குருவி. கறுப்பு உடம்பு. வாலில் நீளமாக இரண்டு கம்பி, கம்பி நுனியில் துடுப்புப்போல இரண்டு இறகு. காட்டில் எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்வான். ஐப்பசி வரை மலைமேல் இருந்தவன், பிழைப்புத் தேடிக் கீழே இறங்கியிருந்தான்.

உட்கார்ந்ததும் ஒரு கரடியைக் கொண்டுவந்தான். தேன்கூட்டில் மூக்கை விட்ட கரடி தும்முகிறது. தேனீக்கள் கிளம்புகின்றன. கரடி, "அம்மாடி" என்கிறது. முடிந்தது. அடுத்து ஒரு நரி. நரிப் பெண்டாட்டி கேட்கிறாள்: "நேத்து எங்கே போனே?" நரி சொல்கிறது: "நேத்தா? அது எந்தப் பக்கம் இருக்கு?" முடிந்தது. அடுத்து ஒரு யானைக்குட்டி சேற்றில் வழுக்குகிறது. அடுத்து மயில் ஒன்று தன் குரலைத் தானே கேட்டுப் பயப்படுகிறது.

ஒவ்வொன்றும் மூன்று மூச்சுக்குள் முடிந்துவிடும். முடிந்தது என்று தெரிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். சிலது நன்றாக இருக்காது. அதற்காக யாரும் எழுந்து போகவில்லை. அடுத்தது நன்றாக இருக்கலாம் அல்லவா?

மருதமரத்தடியில் சருகைக் கிளறிப் புழு பொறுக்கிக்கொண்டிருந்த தவிட்டுக் குருவிகள் வாயில் புழுவோடு நிமிர்ந்து பார்த்தன. கரடி தும்மியது. குருவிகள் வாய்விட்டுச் சிரித்தன. விழுந்த புழுக்களைத் துடுப்பன் ஒரு சுற்றுப் பறந்து பொறுக்கிக்கொண்டு கிளைக்குத் திரும்பினான். புழு போனதை ஒரு குருவியும் கவனிக்கவில்லை. பிழைப்பு என்றால் அதுதான் பிழைப்பு.

மந்திக் கூட்டத்தின் தலைவன் மொட்டையன் என்ற கடுவன். அவனும் இலை தின்பதை விட்டுவிட்டுக் கிட்டே வந்து உட்கார்ந்தான். "பய விஷயக்காரன்தான்" என்றான். அதோடு துடுப்பனுக்கு அந்த மரம் சொந்தமாகிவிட்டது.

வாலாயி முதலில் காதை மட்டும்தான் கொடுத்தாள். கண் புல்மேல் இருக்கிறது, காது சும்மாதானே இருக்கிறது என்று நினைத்தாள். காது போன இடத்துக்குக் கண் எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது.

துடுப்பனிடம் ஒரு பழக்கம் இருந்தது. கூத்து நடத்தும்போது அவன் பார்ப்பவர்களைப் பார்ப்பான். யார் எதற்குச் சிரிக்கிறார்கள், யார் எதற்கு முகத்தைத் திருப்புகிறார்கள் என்று ஒன்றுவிடாமல் பார்ப்பான். மறுநாள் சிரித்தது இரண்டு பங்காக வரும். திருப்பியது வராது. மொட்டையனுக்குச் சண்டை பிடிக்கும் என்று கண்டுகொண்டு, இரண்டு காட்டுப்பன்றிகள் முட்டிக்கொள்வதைக் கொண்டுவந்தான். குருவிகளுக்கு ஊர்வம்பு. வாலாயிக்குக் குட்டிகள் செய்யும் சேட்டை. தனக்கு என்ன பிடிக்கும் என்று வாலாயிக்குத் தெரிவதற்கு முன்பே துடுப்பனுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு குரலை மட்டும் அவன் எடுக்கவே இல்லை. காவல் மந்தி கொடுக்கும் "கக்". அதை எடுத்திருந்தால் அன்றைக்கே அடித்துத் துரத்தியிருப்பார்கள். அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. அதனால்தான் அவன் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கார்த்திகை பாதி கழிவதற்குள் வாலாயிக்கு ஒரு மாற்றம் தெரிந்தது.

புல் அப்படியே இருந்தது. முன்பெல்லாம் அது அவளுக்கு நிம்மதியாக இருக்கும். புல் அப்படியே இருந்தால் கீழே எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று பொருள். இப்போது புல் அப்படியே இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. மூன்று மூச்சுப் பார்ப்பாள். நான்காவது மூச்சில் கண் அரிக்கும். புல் மாறவேண்டும், எதையாவது காட்டவேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். புல்லா காட்டும்?

அதைவிடப் பயமான ஒன்றும் நடந்தது. காலையில் வழக்கம்போலப் புல் பிடித்தாள். உச்சிப்பொழுதில் மனதுக்குள் எடுத்துப் பார்த்தபோது அது இல்லை. புற்று மட்டும் இருந்தது. புதர்கள் மூன்றா நான்கா என்பதே தெரியவில்லை. ஓடைப்பக்கம் வெறும் வெளிச்சமாக இருந்தது.

மொட்டையனிடம் போனாள்.

"அண்ணே, எனக்குப் புல்லு நிக்கமாட்டேங்குது."

"எங்கே நிக்கலை?"

"மனசுல அண்ணே. காலையில பிடிச்சது மதியம் இருக்கமாட்டேங்குது."

"வயசாகுதுல்ல."

"எனக்கென்ன வயசு? நீங்க எனக்கு மூணு மழை மூத்தவரு."

"அப்ப வயித்துல ஏதாச்சும் கோளாறா இருக்கும். கொழுந்து கொஞ்சம் கூடத் தின்னு." சொல்லும்போதே அவன் கழுத்து அவளைத் தாண்டி நீண்டது. "இரு, பன்னிச் சண்டை வருது. நகரு, மறைக்காதே."

வாலாயி நகர்ந்தாள். நகர்ந்த இடத்திலிருந்து பன்றிச் சண்டை இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அடுத்து நடந்தது தவறான குரல். புல்வெளி நடுவில் ஒரு மேட்டைக் கண்டாள். காலையில் இருந்ததா என்று ஞாபகம் வரவில்லை. "கக்" என்றாள். மான்கள் ஓடையைத் தாண்டி ஓடின. அது கறையான் புற்று. அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பது. மான்கள் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தன. இரண்டாம் தடவை ஒரு நிழலுக்குக் குரல் கொடுத்தாள். மேகம் நகர்ந்ததும் நிழலும் நகர்ந்துவிட்டது. அந்த ஓட்டத்தில் பொட்டு ஓடைக் கல்லில் வழுக்கிப் பின்னங்காலைச் சுளுக்கிக்கொண்டான்.

மூளி மரத்தடிக்கு வந்தாள். குட்டி நொண்டிக்கொண்டே பின்னால் வந்தது.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"வெயில்ல கண்ணு கூசிடுச்சுக்கா."

"கார்த்திகை மாசத்து வெயில்லயா?"

வாலாயி முகத்தைப் புல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இங்க பாரு. பயந்து ஓடறது எங்களுக்கு ஓசியில வர்றதில்லை. ஒரு ஓட்டம் ஓடினா ஒரு வேளைப் பால் வத்திப்போகுது. அதைக்கூட விடு. இல்லாததுக்கு நீ இன்னொரு தரம் குரல் கொடுத்தேன்னா, அடுத்த தரம் எவளாவது ஒருத்தி நெசமான்னு நின்னு பாத்துட்டு ஓடுவா. சிறுத்தைக்கு அது போதும்."

"தெரியும்க்கா."

"தெரியாமலா இத்தனை நாள் உன்னை நம்பிக் குனிஞ்சு மேஞ்சோம்? குனிஞ்சா எங்களுக்குப் புல்லு மட்டும்தான் தெரியும் வாலாயி. மத்ததெல்லாம் நீதான். இன்னொரு தரம் இப்படி நடந்தா நாங்க வேற மரம் பாத்துக்க வேண்டியதுதான்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்னால் பார்க்க முடியவில்லை, வேறு யாரையாவது வையுங்கள் என்று ஒரு வார்த்தை. ஆனால் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள் "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் துடுப்பனிடம் போனாள்.

"நீ வேற மரத்துக்குப் போயிடு. எனக்கு வேலை கெடுது."

"போயிடறேன் தாயி" என்றான் துடுப்பன் பணிவாக. "உன் வேலையைக் கெடுத்து நான் என்ன கண்டேன்? ஒண்ணே ஒண்ணு, உனக்குன்னே எடுத்து வச்சிருந்தேன். அதைச் செஞ்சு காட்டிட்டுப் போயிடறேன்."

தாய் மந்தி பேன் பார்க்கிறது. குட்டிக்குக் கூச்சம் தாங்கவில்லை. குட்டி நெளிய நெளியத் தாய் சொல்கிறது: "ஆடாதே, பேனுக்குத் தலை சுத்துது." வாலாயி சிரித்துவிட்டாள். துடுப்பன் அடுத்ததைத் தொடங்கினான். போகவேண்டும் என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. அவனுக்கு மறந்ததா என்பது சந்தேகம்.

பிறகு அவள் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திப் பார்த்தாள். பயனில்லை. துடுப்பன் வாயை மூடியிருந்தபோதும் உள்ளே கூத்து நடந்தது. கரடி தும்மியது. பன்றிகள் முட்டின. நடத்துவதற்கு இப்போது அவன் தேவைப்படவில்லை.

மார்கழி பிறந்தது. அன்று மதியம் காற்று இல்லை. மான்கள் புல்வெளியின் தென்கோடியில் மேய்ந்துகொண்டிருந்தன. கால் சுளுக்கு இன்னும் தீராத பொட்டு கூட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால் நின்றிருந்தான். அவனுக்கு அப்பால் ஒரு உண்ணிச்செடிப் புதர். புதருக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டை கிடந்தது. வெயிலில் வெளுத்த கட்டை. மேலே இலைநிழல் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது.

அந்தக் கட்டை காலையில் இருந்ததா?

வாலாயி மனதுக்குள் போய்த் தேடினாள். காலைப் புல் இருக்கவேண்டிய இடத்தில் கரடி தும்மிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளினாள். நரிப் பெண்டாட்டி வந்து நின்றாள். அவளையும் தள்ளினாள். யானைக்குட்டி வழுக்கியது. தள்ளத் தள்ள அடுத்தது வந்தது. புல் வரவில்லை.

குரல் கொடுத்து, கட்டை கட்டையாகவே இருந்துவிட்டால் மான்கள் இனி இந்த மரத்தடிக்கு வரமாட்டா. குரல் கொடுக்காமல் இருந்து, அது கட்டையாக இல்லாவிட்டால்?

ஒரு வழி இருந்தது. கட்டையையே பார்த்துக்கொண்டிருப்பது. கட்டை என்றால் கிடக்கும். சிறுத்தை என்றால், எவ்வளவு அடக்கினாலும், எப்போதாவது ஒரு காது ஆடும். ஓர் ஈயை விரட்டும். பாய்வதற்கு முன்னால் பின்கால்களை ஒருமுறை நெருக்கிக்கொள்ளும். அதைக் கண்டதும் குரல் கொடுத்தால் நேரம் இருக்கிறது. முன்பு ஒருநாள் விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுதுவரை இப்படி ஒரு பாறையைக் கண் எடுக்காமல் பார்த்திருக்கிறாள். அது பாறைதான் என்று தெரிந்த பிறகே எழுந்தாள்.

பார்த்தாள். ஒரு மூச்சு. கட்டை அசையவில்லை. இரண்டு. மூன்று. கண் அரித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். நான்கு. பக்கத்துக் கிளையில் துடுப்பன் ஒரு புதுக் குரலை எடுத்தான். அவள் இதுவரை கேட்காத குரல். யாரோ ஒரு குட்டி எதற்கோ கெஞ்சுகிறது. என்ன குட்டி அது?

பழைய கூத்தாக இருந்திருந்தால் திரும்பியிருக்கமாட்டேன் என்று பின்னால் அவள் சொன்னாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது.

நீர்நாய்க் குட்டி. மூன்று மூச்சு.

அவள் திரும்பிப் பார்த்தபோது கட்டை அங்கே இல்லை.

"கக்" என்று அலறினாள். நாற்பத்திரண்டு மான்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடையைத் தாண்டின. அவள் குரலை அவர்கள் அப்போதும் நம்பினார்கள். பொட்டும் ஓடப் பார்த்தான். ஒரு கால் ஒத்துழைக்கவில்லை. சிறுத்தை அவனைத் தூக்கிக்கொண்டு உண்ணிச்செடிக்குள் போனது. புல் மறுபடியும் அப்படியே ஆனது.

பொழுது சாயும் நேரத்தில் மூளி மரத்தடிக்கு வந்தாள். குடிக்க ஆளில்லாமல் மடி கட்டியிருந்தது. நடக்கும்போது கால்களை அகட்டி வைத்தாள்.

"தூங்கிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"அந்தப் பக்கம் பாக்கலையா?"

"பாத்தேன். கட்டையைப் பாத்தேன்க்கா. பாத்துட்டேதான் இருந்தேன்."

"அப்புறம்?"

வாலாயி துடுப்பன் இருந்த கிளையைப் பார்த்தாள். மூளியும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமலே அவளுக்கு விளங்கிவிட்டது.

"தூங்கியிருந்தேன்னா பரவாயில்லை" என்றாள் மூளி. "தூங்கறவளுக்குப் பக்கத்துல எழுப்பிவிட ஒரு ஆளைப் போட்டுடலாம். நீ முழிச்சுட்டுத்தான் இருந்தே. முழிச்சிருக்கறவளை எப்படி எழுப்பறதுன்னு எனக்குத் தெரியலை."

அவள் அழவில்லை. மான்களுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை. மடியைத் தரையில் அழுத்திக் கொஞ்சநேரம் படுத்திருந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை வாலாயி துடுப்பன் முன்னால் போய் நின்றாள்.

"உன்னாலதான் போச்சு அந்தக் குட்டி."

"நான் யாரைக் கட்டிப் போட்டேன் தாயி?" என்றான் துடுப்பன். கோபமே இல்லை அவன் குரலில். "கிளை எல்லாருக்கும் பொது. பிடிச்சவங்க பாக்கறாங்க. பிடிக்காதவங்க திரும்பிக்க வேண்டியதுதானே? நான் எப்பவாச்சும் உன் வாலைப் பிடிச்சு இழுத்தேனா?"

"இழுக்கலை."

"அப்புறம் என்ன?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவள் அப்படியே நின்றிருக்க, துடுப்பன் வேலையைத் தொடங்கினான். நேற்று நடந்தது அவனுக்கும் சரக்குத்தான். நொண்டிக் காலின் தப்படி, புல் கிழிபடும் சத்தம், ஒரு சின்ன "அம்மா". மூன்று மூச்சுக்குள் முடித்துவிட்டான். தவிட்டுக் குருவிகள் "ஐயோ பாவம்" என்றன. மொட்டையன் "அப்படியே இருந்துச்சுடா" என்றான். அடுத்து கரடி தும்மியது. எல்லாரும் சிரித்தார்கள்.

வாலாயி சிரிக்கவில்லை. ஆனால் பொட்டு செத்ததை அந்த மூன்று மூச்சும் பார்த்தாள். முடிந்தபோது தன் கழுத்து லேசாக முன்னுக்கு நீண்டிருப்பதைக் கண்டாள். அடுத்தது என்ன என்று அது காத்துக்கொண்டிருந்தது.

அவளுக்குத் தன் உடம்பைப் பார்த்தே பயமாகிவிட்டது. மரத்தை விட்டு இறங்கி ஓடினாள்.

ஓடை வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு வேங்கைமரம் தனியாக நின்றது. துடுப்பனின் குரல் அங்கே எட்டாது. அதில் ஏறி உட்கார்ந்தாள். எதிரே புல் இருந்தது. பார்த்தாள். நான்காவது மூச்சில் கண் அரித்தது. மனம் பல்லி அறுத்துவிட்டுப் போன வாலாகத் துடித்தது. அன்று மதியம் தாங்கமுடியாமல் மருதமரத்துக்கே திரும்பிப்போய்ப் பொழுது சாயும்வரை கூத்துப் பார்த்தாள். மறுநாள் மறுபடியும் வேங்கைமரத்துக்கு வந்தாள். இப்படி வந்தும் போயும் சில நாட்கள் கழிந்தன. பிறகு போவது குறைந்தது.

மான்கள் கிளம்பத் தயாராக இருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு மந்திக் கூட்டம் இருப்பதாக மூளி விசாரித்து வைத்திருந்தாள். வாலாயி ஓடைக்கரையில் அவளைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்குக் கொஞ்சம் நாள் கொடு. திரும்ப வந்துடும். வருது."

"இப்ப எவ்வளவு நேரம் பிடிக்கறே?"

"எட்டு மூச்சு. முந்தா நாள் அஞ்சுதான்."

மூளி அவளைப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வாலாயிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லது வாலாயி. விடாதே. ஆனா சிறுத்தை ஒரு பொழுது முழுக்க அசையாமக் கிடக்கும். உனக்கு எட்டு ஒரு பொழுதாகற வரைக்கும் எங்க குட்டிங்களை நான் எங்கே ஒளிச்சு வைக்கட்டும்?"

வாலாயி வழியை விட்டு விலகி நின்றாள். நாற்பத்திரண்டு மான்களும் அவளைக் கடந்து போயின. எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போவது அவர்களுக்குப் பழக்கம்தான். அந்தப் பழக்கத்தை அவர்களுக்குக் கொடுத்தவள் அவள்தான்.

மருதமரத்தில் இருந்த மந்திகளுக்கு மான்கள் போனதே தெரியவில்லை. சிந்திய இலை கீழே சும்மா கிடந்து காய்வதைக் கண்டு மொட்டையன் ஒருநாள் கேட்டான்: "எங்கே இவங்களைக் காணோம்?" யாரோ பதில் சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள் அடுத்த கூத்து தொடங்கிவிட்டது.

வாலாயி வேங்கைமரத்திலேயே தங்கிவிட்டாள். கீழே காக்க யாரும் இல்லை. இருந்தாலும் விடிந்ததும் புல் பிடித்தாள். தை முடிவதற்குள் உச்சிப்பொழுதுவரை அது மனதில் நின்றது. முன்போல ஓரம் தெளிவாக இல்லை. ஓடைப்பக்கம் இன்னமும் கொஞ்சம் வெளிச்சமாகவே இருந்தது.

மாசி மாதம் இருபத்தொன்றாம் நாள் காலை, மந்திக் கூட்டம் உவர்மண் தின்னத் தரைக்கு இறங்கியது. மோந்து சொல்ல மான் இல்லை. உவர்மண் திட்டை ஒட்டிய புங்கமரத்தில் துடுப்பன் கூத்து நடத்திக்கொண்டிருந்தான். விடிந்தபோது இல்லாத ஒரு மேட்டை வேங்கைமரத்திலிருந்து வாலாயி கண்டுகொண்டாள். நேரத்தோடு குரலும் கொடுத்தாள். ஓரத்தில் இருந்த சில மந்திகள் மரம் ஏறின. புங்கமரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பவில்லை. சிறுத்தை மொட்டையனைக் கொண்டுபோனது.

கைப்பேசியில் ஒன்றைத் தள்ளி அடுத்ததைப் பார்த்தே பழகிய மூளை, ஒன்றையே நின்று பார்க்கவேண்டிய நாளில் நம் சொல் கேட்காது.